கலாத்தா கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்தான்புல்லுக்குப் போய்வரும் தமிழர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்கள் எடுத்துவரும் படங்களில் கூம்புக் கூரை போட்ட ஒரு பருத்த கற்கோபுரம் எப்படியும் இடம்பெற்றுவிடுகிறது. பயணத்துக்கு முன்பும் பின்பும் அதைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

இது என்ன கட்டடம்? மசூதியா, கலங்கரை விளக்கமா?

இரண்டும் அல்ல. இது ஒரு நகர மதிலின் காவற்கோபுரம். இன்றைய இஸ்தான்புல்லின் பழைய பகுதிக்கும் கலாத்தாவுக்கும் நடுவே தங்கக் கொம்பு என்ற நீண்ட கடற்கழி உள்ளே நுழைகிறது. அதன் வடகரையில், நீரோரத்திலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு மேட்டின் மேல் இந்தக் கோபுரம் நிற்கிறது. அந்த மேட்டைச் சுற்றி ஒரு காலத்தில் மதிலும் அகழியும் இருந்தன. மதில் கரையிலிருந்து இரு பக்கமும் மேடேறி வந்து சந்தித்த உச்சி முனையில் கட்டப்பட்டது இது.

மதில் போய்விட்டது, கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. இதைப் பற்றி எழும் குழப்பங்களில் பாதி அதனால் வருபவைதான். சுற்றிலும் மதிலை மனத்தில் வரைந்துகொண்டு பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

துருக்கியர்கள் கட்டியதுதானே?

இல்லை. இதைக் கட்டியவர்கள் ஜெனோவர்கள், அதாவது இன்றைய இத்தாலியின் வடமேற்கிலுள்ள ஜெனோவா துறைமுகத்தைச் சேர்ந்த வணிகர்கள். கட்டிய ஆண்டு 1348. அப்போது எதிர்க்கரையில் இருந்த நகரம் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிள். உதுமானியத் துருக்கியர்கள் அந்நகரைக் கைப்பற்ற இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. ஜெனோவர்கள் இக்கோபுரத்துக்கு இட்ட பெயர் கிறிஸ்துவின் கோபுரம்.

ஆனால் துருக்கியருக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றாம் தளம் வரையிலான அடிப்பகுதி ஜெனோவர் கைவண்ணம் என்றும் அதற்கு மேலுள்ள தளங்கள் உதுமானியர் திருப்பணிகளில் உருவானவை என்றும் பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். இதன் விவரம் பின்னால் வேறொரு கேள்வியில் வருகிறது.

இன்னொரு நாட்டின் தலைநகருக்கு எதிரிலேயே வந்து கோட்டை கட்ட இத்தாலிக்காரர்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் நேரான விடை. குடியிருக்க அனுமதி உண்டு, கோட்டை கட்ட இல்லை. 1204-இல் சிலுவைப் போர் வீரர்களிடம் இழந்த தலைநகரை மீட்பதற்குப் பைசாந்தியருக்குக் கடற்படை தேவைப்பட்டது. அந்த நோக்கத்தோடு 1261-இல் நிம்ஃபேயம் என்ற ஊரில் ஜெனோவாவோடு ஓர் உடன்படிக்கை செய்து வணிகச் சலுகைகளை வாரி வழங்கினார்கள். சில மாதங்களில் தலைநகர் ஜெனோவாவின் கப்பல்கள் வரும் முன்பே கைக்கு வந்துவிட்டது, சலுகைகள் மட்டும் நிலைத்துவிட்டன. 1267-இல் ஜெனோவர்களுக்குக் குடியிருப்பாகக் கலாத்தா ஒதுக்கப்பட்டது. 1303-இல் அதன் எல்லைகள் வரையறுக்கப்பட்டன. மதில் எழுப்பக் கூடாது என்பது நிபந்தனை. முதலில் அகழி தோண்டினார்கள், பிறகு வீடுகளைக் கோட்டை போல உயர்த்தி நெருக்கமாகக் கட்டினார்கள், பிறகு அவற்றுக்கு இடையே சுவர் எழுப்பினார்கள். இப்படியே மதில் வளர்ந்தது.

மேட்டின் உச்சி அவர்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உயரத்தை எதிரி பிடித்தால் கீழேயுள்ள குடியிருப்பு முழுவதும் அவன் காலடியில் கிடக்கும். அந்த நிலத்தைக் கேட்டார்கள், பேரரசர் ஆறாம் யோவான் கந்தகூசினோஸ் மறுத்தார். பகைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கலாத்தாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பொற்காசு சுங்கம் வசூலாக, எதிரில் பேரரசின் தலைநகருக்குக் கிடைத்தது முப்பதாயிரம்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் கிரெகோராஸ் எழுதுகிறார். தம் பக்கம் கப்பல்களை இழுக்கப் பேரரசர் சுங்கத்தைக் குறைத்தார், கடற்படையும் கட்டத் தொடங்கினார். 1348 ஆகஸ்டில், அவர் தலைநகரில் இல்லாத வேளை பார்த்து ஜெனோவர்கள் போரைத் தொடங்கி, மேட்டைப் பிடித்து, மதிலை அதன் உச்சி வரை இழுத்தார்கள். கோபுரம் எழுந்தது அப்போதுதான். அடுத்த ஆண்டு பைசாந்தியரின் புதிய கடற்படை அழிந்தது, மேடு ஜெனோவர் கையிலேயே நின்றது. முந்திய ஆண்டில்தான் கொள்ளைநோய் கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டியவர்களின் அவசரமும் எதிர்த்தவர்களின் இயலாமையும் புரியும்.

எவ்வளவு உயரம்? உள்ளே எவ்வளவு இடம் இருக்கும்?

உச்சி அணியைச் சேர்க்காமல் 62.59 மீட்டர். ஒன்பது தளங்கள். அடிப்பகுதியின் வெளி விட்டம் 16.45 மீட்டர், உள் விட்டம் 8.95 மீட்டர். எஞ்சியது முழுவதும் சுவர்: ஒவ்வொரு பக்கமும் 3.75 மீட்டர். ஓர் ஆள் படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டினாலும் அந்தச் சுவரின் தடிமனைத் தாண்ட முடியாது. வெளியே இருந்து பார்க்கும்போது பெரிய மண்டபம் போல் தோன்றுவதும், உள்ளே போனதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றுவதும் இதனால்தான். கட்டிய காலத்தில் கலாத்தாவில் இதைவிட உயரமான கட்டடம் வேறு இல்லை.

மற்ற கோட்டைகளில் சதுரமாக இருக்கிறதே, இது ஏன் வட்டம்?

சதுரக் கோபுரத்தின் பலவீனம் அதன் மூலைகள். எறிபொறியிலிருந்து வரும் கல் மூலையில் பட்டால் கற்கள் கழன்றுவிடும். அடியில் சுரங்கம் தோண்டுபவர்களும் மூலையைத்தான் முதலில் குறிவைப்பார்கள். மேலும் சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் வெளியே காவலர்களின் பார்வையும் அம்பும் எட்டாத சிறு பகுதிகள் இருக்கும். வட்டத்தில் இவை எதுவும் இல்லை, வந்து மோதும் கல்லும் நேராகத் தாக்காமல் சறுக்கிப் போகும். மதில் திசை மாறும் முனையில் நிற்கும் கோபுரத்துக்கு எல்லாத் திசைகளையும் சமமாகப் பார்க்கும் வடிவமே பொருத்தம்.

பக்கத்தில் மதிலே இல்லையே, எங்கே போயிற்று?

இடித்துவிட்டார்கள், அதுவும் சற்றுமுன் நடந்தது என்று சொல்லக்கூடிய அளவுக்கு அண்மையில்: 1864-ஐ ஒட்டிய ஆண்டுகளில். முழு வளர்ச்சி அடைந்த நிலையில் கலாத்தாவின் மதில் சுமார் 2.8 கிலோமீட்டர் நீளம் ஓடி, ஏறத்தாழ 37 ஹெக்டேர் நிலத்தை உள்ளடக்கியது. குடியிருப்பு படிப்படியாக விரிந்ததால் பழைய மதில்கள் புதிய மதிலுக்குள் குறுக்குச் சுவர்களாக நின்று ஊரைப் பல பகுதிகளாகப் பிரித்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலாத்தா வங்கிகளும் கப்பல் அலுவலகங்களும் நெருக்கியடிக்கும் இடமாகிவிட்டது. வண்டிகள் போகச் சாலை இல்லை. பாரிஸ் நகரத்தைப் பார்த்து இங்கே ஆறாம் வட்டம் என்ற பெயரில் புதிய நகராட்சி அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் பெருஞ்செயல்களில் ஒன்று மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, கிடைத்த நிலத்தைச் சாலைக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்தியது.

அகழி மட்டும் தெருப் பெயர்களில் உயிரோடு இருக்கிறது. கோபுரத்தருகே உள்ள ஒரு தெருவின் பெயர் "பூயூக் ஹெந்தெக்", பெரிய அகழி என்று பொருள். "கூச்சூக் ஹெந்தெக்" என்று சின்ன அகழியும் உண்டு. நகரப் படத்தில் இந்தத் தெருக்களைத் தேடிப் பிடித்து விரலால் கோடிழுத்தால், கோபுரத்திலிருந்து மதில் எந்தப் பக்கம் இறங்கியது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். வழிகாட்டிகள் இதைக் காட்டுவதே இல்லை என்பது என் குறை.

கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா? போய்ப் பார்க்க முடியுமா?

இருக்கிறது. கோபுரத்திலிருந்து மேற்கே, தங்கக் கொம்பின் கரையிலுள்ள அசாப்கபி பகுதியில், மதிலின் ஒரு துண்டும் வாயில் ஒன்றும் எஞ்சியுள்ளன. அந்த வாயிலை யானிக்-கபி, அதாவது எரிந்த வாயில், என்கிறார்கள். வளைவுக்கு மேலே ஒரு கற்பலகை பதித்திருக்கிறது. அதில் மூன்று கேடயங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றில் ஜெனோவாவின் சின்னமாகிய சிலுவை, மற்ற இரண்டில் தோரியா, தெ மெருதே என்ற ஜெனோவக் குடும்பங்களின் சின்னங்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் யாருடையது என்பதை ஒரு முழம் கல்லில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பொருள் கோபுரத்திலேயே கூட இல்லை. சுற்றிலும் பட்டறைகளும் கடைகளுமாக இருக்கும் அந்த வாயிலடியில் கூட்டமும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

மதில் அல்லாத ஜெனோவக் கட்டடங்களும் சில உள்ளன. ஆளுநர் மாளிகையின் ஒரு பகுதி கோபுரத்துக்குக் கீழே வங்கிகள் தெருவை ஒட்டி நிற்கிறது. சற்றுத் தொலைவில் அராப் மசூதி என்ற பெயரில் இயங்குவது அக்காலத்துத் தொமினிக்கன் சபைத் தேவாலயம். அதன் சதுரமான மணிக்கூண்டே இப்போது பாங்கு சொல்லும் கோபுரம்.

மதிலை இடித்தவர்கள் கோபுரத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

அழகுக்காக அல்ல, வேலைக்காக. இஸ்தான்புல் நெடுங்காலம் மர வீடுகளின் நகரம். ஒரு வீட்டில் பற்றிய தீ ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தின்றுவிட்ட நிகழ்வுகள் பல உண்டு. ஆகவே 1717 முதல் இக்கோபுரத்தில் தீக் காவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். எங்கேனும் புகை தெரிந்தால் பெருமுரசு கொட்டி ஊரை எழுப்புவது அவர்கள் பணி. மதில் இடிபட்ட காலத்திலும் அந்தக் காவல் நடந்துகொண்டிருந்தது. போர்க் கருவியாக அதற்கு மதிப்பு போய் நெடுநாளாகியிருந்தாலும், இவ்வளவு உயரத்தில் ஆயத்தமாக ஒரு கண்காணிப்பு மேடை இருக்கும்போது அதை இடிக்க எந்த நகராட்சிக்கும் மனம் வராது.

எதிர்க்கரையில் இதே பணிக்கென்று 1828-இல் கல்லால் கட்டப்பட்ட பெயாசித் கோபுரம் இன்றும் இஸ்தான்புல் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கிறது. இரண்டையும் மாற்றிக் குறிப்பிடுபவர்கள் உண்டு. பெயாசித் கோபுரம் மெலிந்து வெளுத்தது, பிறந்ததே தீக் காவலுக்காக. கலாத்தா கோபுரம் பருத்தது, பிற்காலத்தில் அந்தப் பணிக்கு மாற்றப்பட்டது.

கடலில் கப்பல் வராமல் சங்கிலி கட்டினார்களே, அது இந்தக் கோபுரத்தில்தானே?

இது மிகப் பரவலான தவறு. தங்கக் கொம்பின் வாயில் குறுக்கே பெரிய இரும்புச் சங்கிலி இழுத்துக் கட்டப்பட்டது உண்மை. ஆனால் சங்கிலியின் வடமுனை பிணைக்கப்பட்டது நீரோரத்தில் இருந்த வேறொரு கோட்டையில். பைசாந்தியர் அதைப் பெரிய கோபுரம் என்று அழைத்தார்கள், கலாத்தாவின் கோட்டை என்றும் அதற்குப் பெயர். 1203-இல் நான்காம் சிலுவைப் போர்ப் படை அதைத் தாக்கிப் பிடித்துச் சங்கிலியை அறுத்துக் கப்பல்களை உள்ளே கொண்டுபோனது. வரலாற்று நூல்களில் 1203 நிகழ்வுகளில் "கலாத்தா கோபுரம்" என்று வந்தால் அது இன்றைய கோபுரத்தைக் குறிக்காது. இது கட்ட இன்னும் 145 ஆண்டுகள் இருந்தன.

நிலக்கிடக்கையைப் பார்த்தாலே இது விளங்கும். மேட்டின் உச்சியில் நிற்கும் கோபுரத்தில் கடற்சங்கிலியைக் கட்ட வேண்டுமானால் அதை நூற்றுக்கணக்கான மீட்டர் மலையேற்றிக் கொண்டுவர வேண்டும். சங்கிலிக் கோட்டையின் அடித்தளமாகக் கருதப்படுவது கரக்கோய் படகுத்துறைக்கு அருகில் உள்ள நிலத்தடி மசூதி. தடித்த தூண்களுக்கு நடுவே, தாழ்ந்த கூரையின் கீழ் தொழுகை நடக்கும் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் அது வழிபாட்டுக்கென்று கட்டப்பட்டதல்ல என்பதை உடனே உணர்வார்கள். சங்கிலியின் துண்டுகள் இஸ்தான்புல் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன.

ஆறாம் நூற்றாண்டிலேயே கட்டியது என்று ஓர் இடத்தில் படித்தேன். எது சரி?

மேலே சொன்ன இரண்டு கோபுரக் குழப்பத்தின் நீட்சிதான் இது. கலாத்தா ஜெனோவர்கள் வருமுன்பே இருந்த குடியிருப்பு. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியான் அதைச் சீரமைத்தார். அங்கே ஆரம்ப காலத்திலேயே ஒரு கோட்டையும் இருந்தது. அந்தப் பழைமையைச் சுற்றுலாக் குறிப்புகள் இந்தக் கோபுரத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகின்றன. இன்று நிற்கும் கட்டடத்துக்கு 1348 என்ற ஆண்டே பொருந்தும். அதற்குரிய காரணத்தை அனுமதி பற்றிய கேள்வியில் பார்த்தோம்: அந்த மேடு மதிலுக்குள் வந்ததே அப்போதுதான்.

1453-இல் துருக்கியர்கள் நகரத்தைப் பிடித்தபோது இந்தக் கோபுரத்தில் சண்டை நடந்ததா?

நடக்கவில்லை. கலாத்தா நடுநிலை என்று அறிவித்துக்கொண்டது, அந்த நடுநிலை இரு பக்கமும் கசிந்தது. ஜெனோவரான ஜியோவன்னி ஜியூஸ்தினியானி சுமார் 700 வீரர்களோடு வந்து கான்ஸ்டான்டினோபிளின் நில மதிலைக் காத்தார், கலாத்தாவாசிகள் பலரும் அங்கே போய்ப் போரிட்டார்கள். அதே வேளையில் கலாத்தாவின் வணிகர்கள் சுல்தான் படைக்குப் பொருள் விற்றதாகவும் குற்றச்சாட்டு உண்டு. சுல்தான் இரண்டாம் மெஹ்மத், மதிலைத் தாண்டி மேலே போய்த் தங்கக் கொம்பில் நின்ற கப்பல்கள் மேல் விழும்படி, கலாத்தாவின் பின்புறத்திலிருந்து குண்டு எறிய வைத்தார். ஏப்ரல் 22 அன்று தம் கப்பல்களைக் கலாத்தாவுக்குப் பின்னால் மேட்டு நிலத்தின் வழியாக உருளைக் கட்டைகளின் மேல் இழுத்துத் தங்கக் கொம்பில் இறக்கினார். சங்கிலி அறுபடாமல் அப்படியே இருந்தது, பயன்தான் இல்லாமல் போயிற்று.

மே 29 அன்று நகரம் விழுந்ததும் கலாத்தா கதவைத் திறந்துவிட்டது. ஜூன் 1 தேதியிட்டு, சுல்தானின் அமைச்சர் சாகனோஸ் பாஷா கையொப்பமிட்டுக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஆணை, குடிகளின் வீடு, கப்பல், சரக்கு ஆகியவை அவர்களுடையவையாகவே இருக்கும் என்றும், தேவாலயங்கள் நிலைக்கும், ஆனால் மணி அடிக்கக் கூடாது என்றும் சொன்னது. கலாத்தாவின் ஆளுநர் அஞ்செலோ லொமெல்லினோ அதே மாதம் ஊருக்கு எழுதிய கடிதத்தில், கான்ஸ்டான்டினோபிள் போனால் தங்கள் இடமும் போகும் என்று தமக்கு முன்பே தெரியும் என்று புலம்பியிருக்கிறார். நிலப் பக்கத்து மதிலில் ஒரு பகுதி அப்போதே இடிக்கப்பட்டது. கோபுரம் தப்பியது.

அப்படியானால் காவலுக்குக் கட்டிய கோபுரம் ஒரு முறையாவது காவல் காத்ததா?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. 1351-இல் வெனிஸும் பைசாந்தியமும் கூட்டுச் சேர்ந்து கலாத்தாவை நெருக்கின. குடியிருப்பு தாக்குப்பிடித்தது. உதவிக்கு வந்த ஜெனோவக் கடற்படை 1352 பிப்ரவரியில் பாஸ்பரஸ் நீரிணையில் கடும் போர் நடத்திய பிறகு பைசாந்தியர் இறங்கிவந்து அவ்வாண்டே சமாதானம் செய்துகொண்டார்கள். கோபுரம் எழுந்த மூன்றே ஆண்டுகளில் மதிலுக்கு வந்த சோதனை இது.

என் கருத்தில் இதன் பெரிய பணி போரைத் தடுத்ததே. கீழே பண்டகசாலைகளும் கப்பல்களும், மேலே எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கண். எதிர்க்கரை அரண்மனையிலிருந்து பார்க்கும் பேரரசருக்குத் தம் சுங்கம் எங்கே போகிறது என்பதை நாள்தோறும் நினைவூட்டும் கல்லாகவும் அது இருந்திருக்கும். முகப்பு எந்தத் திசை என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: மதிலின் நில முனையில் நின்றாலும் அது கடல், நகரம், பின்புற மேடு மூன்றையும் ஒருசேரப் பார்த்தது.

உள்ளே சிறை இருந்ததாமே?

ஆம், 16-ஆம் நூற்றாண்டில் போரில் பிடிபட்ட கிறித்தவக் கைதிகள் இங்கே அடைக்கப்பட்டார்கள். அருகிலுள்ள காசிம்பாஷா கப்பல் கட்டுந்துறையில் அவர்களை வேலை வாங்கினார்கள். 3.75 மீட்டர் சுவருக்கு வேறு காவல் தேவைப்பட்டிருக்காது. பிற்காலத்தில் கடற்படைப் பண்டகசாலையாகவும் பயன்பட்டது.

இங்கிருந்து ஒருவர் இறக்கை கட்டிப் பறந்து ஆசியாக் கரைக்குப் போனார் என்பது உண்மையா?

ஹெசார்ஃபென் அகமது செலெபி என்பவர் 1630-களில், சுல்தான் நான்காம் முராத் பார்த்துக்கொண்டிருக்க, கோபுரத்திலிருந்து தாவிப் பாஸ்பரஸைக் கடந்து உஸ்குதாரில் இறங்கினார் என்பது கதை. சுல்தான் ஒரு பை நிறையப் பொன் கொடுத்து, "இவன் அச்சம் தரும் ஆள்" என்று அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டாராம். இதற்கு ஒரே சான்று 17-ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபியின் பயணநூல். எவ்லியா அருமையான எழுத்தாளர், ஆனால் சுவைக்காகக் கூட்டிச் சொல்லத் தயங்காதவர். தலைநகரமே திரண்டு பார்த்திருக்க வேண்டிய நிகழ்ச்சியை வேறு எவரும் பதிவு செய்யவில்லை.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். மேடும் கோபுரமும் சேர்ந்தாலும் தொடக்க உயரம் கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டருக்குள்தான். கடக்க வேண்டிய தூரம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் குறைந்தது 25 மீட்டர் முன்னேற வேண்டும். இன்றைய தொங்கு கிளைடர்கள் நல்ல நிலையில் எட்டுவதே ஏறத்தாழ 15 மீட்டர். மேட்டில் மோதி எழும் காற்று கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் இறக்கை கட்டிச் சிறு தொலைவு சறுக்கிப் பார்த்திருக்கலாம், அதன்மேல் பாஸ்பரஸ் ஏற்றப்பட்டிருக்கலாம். இஸ்தான்புல்காரர்களிடம் மட்டும் இப்படிப் பேசிவிடாதீர்கள். அந்நகரில் ஒரு விமானத் தளத்துக்கே அவர் பெயர் இருந்தது.

இப்போது நாம் பார்ப்பதில் எவ்வளவு உண்மையான பழைய கட்டடம்?

அடிப்பகுதி பழையது, மேலே போகப் போகப் புதியது என்று பொதுவாகச் சொல்லலாம். 1509-இல் இஸ்தான்புல்லை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் கோபுரம் சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்டது. தீக் காவல் நடந்த இக்கோபுரமே இரண்டு முறை தீயில் சிக்கியது வேடிக்கையான கொடுமை. 1794-இல் எரிந்து சுல்தான் மூன்றாம் செலிம் காலத்தில் சீரானது, 1831-இல் மறுபடி எரிந்து இரண்டாம் மஹ்மூத் காலத்தில் மேல்தளங்கள் எடுத்துக் கட்டப்பட்டன. அந்தத் திருப்பணியைப் பாடும் செய்யுட் கல்வெட்டை நுழைவாயிலின் மேல் காணலாம். மேல்தளங்களில் உள்ள வளைவுச் சாளரங்களும் இந்தப் பிற்காலப் பணிகளைச் சேர்ந்தவை. காவற்கோபுரத்துக்கு அவ்வளவு பெரிய திறப்புகள் வைக்க ஜெனோவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல.

எல்லோரும் படம் எடுக்கும் கூம்புக் கூரைதான் இருப்பதிலேயே இளையது. பழைய கூரை 1875-இல் புயலில் பறந்துபோனது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கோபுரம் கூம்பில்லாமல், தட்டையான தலையோடு நின்றது, அக்காலப் புகைப்படங்களைப் பார்ப்பவர்கள் வேறு கட்டடமோ என்று மயங்குவார்கள். 1965 முதல் 1967 வரை நடந்த சீரமைப்பில் இரண்டாம் மஹ்மூத் காலத்துத் தோற்றத்தைப் பின்பற்றிக் கூம்பு மீண்டும் வைக்கப்பட்டது. உள்ளே இருந்த மரத் தளங்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளங்கள் போட்டதும் அப்போதுதான். வெளியே 14-ஆம் நூற்றாண்டின் தோல், உள்ளே 20-ஆம் நூற்றாண்டின் எலும்பு. இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பயன்பாட்டில் இருக்கும் கட்டடம் பழுதுபார்க்கப்படாமல் 670 ஆண்டுகள் நிற்காது.

2020-இல் சுவரை இயந்திரத்தால் உடைத்த காணொளி வந்ததே, அது என்ன?

அவ்வாண்டு கோபுரத்தின் பொறுப்பு இஸ்தான்புல் பெருநகராட்சியிடமிருந்து அரசின் அறக்கட்டளைகள் பொது இயக்குநரகத்துக்கு மாற்றப்பட்டது. அதுவரை உணவகமும் இரவு நிகழ்ச்சிகளுமாக இயங்கிவந்த இடத்தை அருங்காட்சியகமாக்கும் பணி தொடங்கியது. ஆகஸ்டில், தொழிலாளர்கள் உட்புறச் சுவர் ஒன்றை உடைப்புப் பொறியால் தகர்க்கும் காட்சி வெளியாகிப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. உடைக்கப்பட்டது பழைய சுவர் அல்ல, பின்னாளில் சேர்த்தது, ஆனால் உடைத்த முறை தவறு என்பது அதிகாரிகளின் விளக்கம். முந்தைய விடையில் சொன்ன 1960-களின் கான்கிரீட்டை நினைவில் கொண்டால் அந்த விளக்கத்தின் முற்பகுதி நம்பக்கூடியதே. அதிர்வு பழைய கல்லுக்கும் போகும் என்பதால் பிற்பகுதியும் சரி. அக்டோபர் 2020-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதா?

எதிர்க்கரையிலுள்ள வரலாற்றுப் பகுதிகள் 1985 முதல் உலக மரபுச் சின்னம், கலாத்தா அதில் அடங்கவில்லை. மத்தியதரைக் கடலிலிருந்து கருங்கடல் வரை ஜெனோவர்களின் வணிகப் பாதையில் அமைந்த கோட்டைகளையும் வணிகத் தளங்களையும் ஒரு தொகுதியாக்கி, துருக்கி 2013-இல் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. கலாத்தா கோபுரம் அந்தத் தொகுதியில் ஒன்று. தற்காலிகப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பது போன்றதுதான், இடம் கிடைத்ததாக ஆகாது.

மேலே ஏறுவது தகுமா? முதியவர்களை அழைத்துப் போகலாமா?

ஏறினால் தங்கக் கொம்பும் பாஸ்பரஸும் சந்திக்கும் இடம், எதிர்க்கரையின் தோப்காபி அரண்மனை, ஹாகியா சோபியா எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். ஜெனோவக் காவலன் எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பெரும்பகுதிக்கு மின்தூக்கி உண்டு, கடைசித் தளங்களுக்குப் படி ஏற வேண்டும். சுற்று உப்பரிகை மிகக் குறுகல், எதிரே ஒருவர் வந்தால் ஒருக்களித்துத்தான் விலக முடியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோபுரத்தைவிடக் கரக்கோயிலிருந்து அங்கே வரும் செங்குத்தான தெருவே பெரிய தொல்லை. அவர்கள் கீழிருந்து ஏறாமல், 1875 முதல் ஓடும் துய்னெல் சுரங்கக் கயிற்று ரயிலில் மேலே போய், அங்கிருந்து இறங்கி நடந்து வருவது நல்லது.

வெளிநாட்டவருக்கான கட்டணம் அதிகம், அடிக்கடி மாறவும் செய்கிறது. மாலை வேளையில் வரிசை நீளும், ஆகவே காலையில் திறந்ததும் போய்விடுங்கள். முதன்முதலில் யாரோடு ஏறுகிறோமோ அவரையே மணப்போம் என்று அவ்வூரில் ஒரு நம்பிக்கை இருப்பதால் வரிசையில் இளம் இணைகளே மிகுதியாக இருப்பார்கள். வரிசை மிக நீளம் என்றால் வருந்த வேண்டாம். கோபுரத்தை ஒரு முறை சுற்றி வந்து அடிக் கற்களைப் பார்த்துவிட்டு, அகழித் தெருவின் வழியே மேற்கே இறங்கி யானிக்-கபியின் மூன்று கேடயங்களைப் பார்த்து வாருங்கள்.